காவடி எடுத்தவனுக்குக் காலுறை போட முடியவில்லை

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தாய் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். தென்காசிப் பக்கம் பிறந்து, மணமாகி இங்கே வந்து 11 ஆண்டுகள் ஆகின்றனவாம். கவனக்குறைவும் துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறு (ADHD) மகனுக்கு இருக்குமோ என்ற கவலைதான். கடிதத்தின் சாரம் இது:

"டாக்டர் அம்மா, என் மகனுக்குச் சென்ற ஜூனில் 9 வயது முடிந்தது. நான்காம் வகுப்பு. எழுதத் தொடங்கியதை முடிப்பதில்லை, கேள்வி முடியுமுன் பதில் சொல்கிறான், வாரத்துக்கு நான்கு பென்சில் தொலைக்கிறான். வகுப்பாசிரியை மருந்து கொடுங்கள், இல்லாவிட்டால் வேறு பள்ளி பாருங்கள் என்கிறார். மாமியார் இது திருஷ்டி என்கிறார். 'தைப்பூசத்தில் மூன்று மணி நேரம் காவடியைத் தோளிலிருந்து இறக்காமல் நடந்தானே, இவனுக்கா கவனம் இல்லை?' என்று கேட்கிறார். என் கணவரோ, 'நானும் இப்படித்தான் இருந்தேன், எனக்கென்ன குறைந்துவிட்டது?' என்று சிரிக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா அந்த மாத்திரை பிள்ளையைச் சிலையாக்கிவிடும், பிறகு போதைப் பழக்கத்தில் கொண்டுபோய் விடும் என்று பயமுறுத்துகிறார். போன வாரம் பையனே என்னிடம், 'அம்மா, என் மூளை பழுதா?' என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை."

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். மற்றவர்கள் கேட்டதெல்லாம் ஒரு வாரம் காத்திருக்கலாம். அவன் கேட்டது காத்திருக்காது. இன்று இரவு படுக்கையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து இப்படிச் சொல்லுங்கள்: "உன் மூளை பழுதில்லை. உனக்குச் செய்யத் தெரிகிறது. செய்ய வேண்டிய நேரத்தில் அது கைக்கு வர மாட்டேன் என்கிறது. நிறையப் பேருக்கு இப்படி இருக்கிறது. அது கைக்கு வருவதற்கு என்ன வழி என்று நாம் இரண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடிக்கப் போகிறோம்." அவ்வளவு போதும். பாடமாக நீட்டாதீர்கள், மூன்றாவது வாக்கியத்துக்குள் அவன் கூரையில் ஊரும் பல்லியைப் பார்க்கப் போய்விடுவான்.

என் மருத்துவ அறைக்கு வரும் பிள்ளைகளில் எனக்கு அதிகக் கவலை தருபவர்கள் ஓடி ஆடுபவர்கள் அல்லர். "நான் மக்கு" என்று தாங்களே முடிவுகட்டிவிட்டு அமைதியாகிவிட்டவர்கள்தாம். உங்கள் மகன் இன்னும் கேள்வியாகத்தான் கேட்கிறான். அதனால் எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

இனி உங்கள் மாமியாரின் கேள்விக்கு வருகிறேன். அது அற்பமான கேள்வி அல்ல; பல டாக்டர்களே தடுக்கி விழுந்த இடம் அது. மூன்று மணி நேரம் காவடி சுமந்தவனுக்குக் கவனக்குறைவு எப்படி இருக்க முடியும்?

அந்த மூன்று மணி நேரத்தை நினைத்துப் பாருங்கள். முன்னால் மேளம். பக்கத்தில் அப்பா. உடம்பு முழுவதும் அசைகிறது, யாரும் 'ஆடாதே' என்று சொல்லவில்லை. ஒவ்வோர் அடிக்கும் யாராவது 'அரோகரா' சொல்கிறார்கள். எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது கோபுரமாகக் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. பத்து நாள் விரதம் இருந்து, வீடே அவனைக் கொண்டாடி அனுப்பி வைத்திருக்கிறது. இத்தனை தூண்டுதலும் உடனுக்குடன் கிடைக்கும்போது இந்தப் பிள்ளைகளின் கவனம் மற்றவர்களுடையதைவிடக் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். அதே பிள்ளையிடம், நான்கு மாதம் கழித்து வரும் பரீட்சைக்காக, சத்தமில்லாத அறையில், அசையாமல் உட்கார்ந்து பதினைந்து பின்னக் கணக்கைப் போடச் சொல்லுங்கள். அங்கே மேளமும் இல்லை, அரோகராவும் இல்லை. கவனக்குறைவு என்ற பெயரே கொஞ்சம் தப்பான பெயர் என்று நான் சொல்வேன். கவனம் இருக்கிறது, சுவாரசியம் இல்லாத இடத்துக்கு அதைத் தானே இழுத்துச் செல்லும் திறன்தான் வயதுக்கு ஏற்ப வளரவில்லை.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் காலுறைக் கதை. காலை 6.50. பல வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து போகும் லிஃப்ட் கிளப் வண்டி 7.10-க்கு வாசலில் நிற்கும். காலுறை போட்டுக்கொண்டு வா என்று அறைக்குள் அனுப்புகிறீர்கள். பத்து நிமிடம் கழித்துப் போய்ப் பார்த்தால் ஒரு காலில் உறை, மறு உறை கையில், சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். மதிலில் குரங்குக் கூட்டம். நீங்கள் கத்துகிறீர்கள். அவன் திரும்பி, "பதினொன்று இருக்கிறதம்மா, ஒன்று புதுக்குட்டி" என்கிறான்.

(டர்பன் குரங்குகளால் நானும் இரண்டு சீப்பு வாழைப்பழம் இழந்தவள் என்பதால் எனக்கு அவற்றின் மேல் தனிக் கோபம் உண்டு. அது இருக்கட்டும்.)

அவனுக்குக் காலுறை போடத் தெரியாதா? தெரியும். வண்டி போய்விடும் என்று தெரியாதா? அதுவும் தெரியும். கேட்டால் ஒப்பிப்பான். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் அவன் மூன்று வேலை செய்ய வேண்டியிருந்தது: நீங்கள் சொன்னதை மனத்தில் பிடித்து வைத்திருப்பது, குரங்கைப் பார்க்கும் ஆசையை அடக்குவது, நேரம் ஓடுவதை உணர்வது. மூன்றையும் பார்த்துக்கொள்வது மூளையின் முன்பகுதி. 2007-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் மூளையின் மேலடுக்கான புறணி எந்த வயதில் முழுத் தடிமனை எட்டுகிறது என்று படம் எடுத்துப் பார்த்தார்கள். மற்றப் பிள்ளைகளுக்குச் சராசரியாக ஏழரை வயதில் நடந்தது, இந்தப் பிள்ளைகளுக்குப் பத்தரை வயதில் நடந்தது. முன்பகுதியில்தான் தாமதம் அதிகம். வளரும் பாதை அதேதான். கால அட்டவணை வேறு. அறிவில் 9 வயதுப் பிள்ளையை, தன்னைத் தானே நிர்வகிக்கும் விஷயத்தில் 6 வயதுப் பிள்ளையாக வைத்துப் பாருங்கள் என்று நான் பெற்றோர்களிடம் சொல்வது அதனால்தான். 6 வயதுக் குழந்தையைத் தனியே அறைக்கு அனுப்பிவிட்டு, பத்து நிமிடத்தில் தயாராகி வரும் என்று யாராவது எதிர்பார்ப்பார்களா?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள் நம் ஊரில். இந்தக் கோளாறு முழுவதும் அதுதான். தெரிந்தது ஏட்டில் இருக்கிறது, கறிக்கு வருவதில்லை. ஆகவே மேலும் மேலும் அறிவுரை சொல்வது ஏட்டில் இன்னொரு பக்கம் எழுதுவதுதான். உதவி, காரியம் நடக்கும் இடத்திலும் நேரத்திலும் இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகும் எல்லா வழிகளும் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன.

இது கைப்பேசி கொண்டுவந்த புது வியாதி என்று நினைக்காதீர்கள். கவனம் நிலைக்காத நோயாளிகளைப் பற்றி ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன் 1798-இலேயே எழுதியிருக்கிறார். 1902-இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றித் தொடர் சொற்பொழிவே நிகழ்த்தினார். உலகெங்கும் பிள்ளைகளில் ஏறக்குறைய நூற்றுக்கு 5 பேருக்கு இது இருக்கிறது.

ஆனால் உங்கள் மகனுக்கு இதுதான் என்று நான் இந்தக் கடிதத்தில் தீர்ப்பு எழுத முடியாது. வகுப்பாசிரியையும் எழுத முடியாது. அவர் தாம் பார்த்ததைச் சொல்லலாம். அது எங்களுக்கு விலைமதிப்பில்லாத சாட்சி. நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் சொல்வது அவர் வேலை அல்ல. ரத்தப் பரிசோதனையிலோ மூளைப் படத்திலோ இதைக் கண்டுபிடிக்க முடியாது. பிள்ளையைப் பார்த்து, பெற்றோரிடம் பேசி, வீட்டுக்கு ஒன்றும் பள்ளிக்கு ஒன்றுமாக வினாத்தாள் அனுப்பி, வரலாறு கேட்டுத்தான் முடிவு செய்வோம். 2013-இல் வந்த அமெரிக்க மனநலக் கையேட்டின்படி, கவனம் சார்ந்த 9 அறிகுறிகளில் குறைந்தது ஆறு இருக்க வேண்டும், அல்லது துறுதுறுப்பும் அவசரமும் சார்ந்த 9 அறிகுறிகளில் குறைந்தது ஆறு இருக்க வேண்டும். குறைந்தது 6 மாதமாக இருக்க வேண்டும், 12 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும், வீடு, பள்ளி போல இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும், வாழ்க்கையை இடறவும் வேண்டும். 17 வயதிலிருந்து ஆறுக்குப் பதில் ஐந்து போதும்.

போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு தகவல் என்னை நிறுத்தியது. ஜூனில் 9 முடிந்தது என்கிறீர்கள். அப்படியானால் முதல் வகுப்பில் சேர்த்தபோது அவனுக்கு 5 வயதுதான் ஆகியிருந்தது. இந்த நாட்டில் ஜூன் 30-க்குள் 6 நிறையும் பிள்ளையை அந்த ஜனவரியிலேயே சேர்த்துக்கொள்ளலாம் என்பது விதி. பலர் ஓராண்டு பொறுத்து, 7 நிறையும் ஆண்டில்தான் சேர்க்கிறார்கள். அவன் பக்கத்து மேசைப் பிள்ளை அவனைவிட ஒரு வயது மூத்தவனாக இருக்கலாம். வகுப்பில் வயதில் சிறிய பிள்ளைகளுக்கே இந்த முத்திரை அதிகமாகக் குத்தப்படுகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அவனை ஆசிரியை யாரோடு ஒப்பிடுகிறார் என்பதைக் கேட்டே ஆக வேண்டும். இருந்தாலும் முழுப் பழியையும் ஜூன் மாதத்தின் மேல் போட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. மூன்று வயதிலேயே கடைவீதியில் இரண்டு முறை கையை உதறிக்கொண்டு காணாமல் போனான் என்று எழுதியிருக்கிறீர்கள். நான்காம் வகுப்பில் திடீரென்று வெடித்ததற்கும் காரணம் இருக்கிறது. மூன்றாம் வகுப்பு வரை 4 பாடம். நான்காம் வகுப்பில் 6. புத்தகம் கூடுகிறது, ஆசிரியர்கள் கூடுகிறார்கள், தானே நினைவு வைத்துக்கொள்ள வேண்டியவை கூடுகின்றன. அதுவரை சமாளித்தவர்கள் இந்த ஆண்டில்தான் என்னிடம் வருகிறார்கள்.

மருத்துவரிடம் போகுமுன் பார்க்க வேண்டியவை சில உண்டு. காது, கண் இரண்டையும் சோதித்துவிடுங்கள். இரவில் குறட்டை விடுகிறானா, வாயைத் திறந்து தூங்குகிறானா என்று கவனியுங்கள். உள்நாக்குச் சதை வீங்கி, தூக்கம் கெட்ட பிள்ளை பகலில் அச்சு அசலாக இப்படியே இருக்கும். இரும்புச்சத்துக் குறைவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போதே பத்து நொடி கண் நிலைகுத்தி, கூப்பிட்டாலும் தொட்டாலும் திரும்பாமல் இருந்தால் அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம், உடனே சொல்லுங்கள். எழுத்துகளைச் சேர்த்து வாசிப்பதில் சிரமம் இருக்கிறதா என்பதும் முக்கியம். வாசிக்க முடியாத பிள்ளை சன்னலைத்தான் பார்க்கும்.

இப்போது வீட்டு வேலை. காலையில் அறைக்கு அனுப்புவதை நிறுத்துங்கள். சீருடை, காலுறை, காலணி எல்லாம் முதல்நாள் இரவே ஒரு கூடையில், உங்கள் கண் படும் இடத்தில், சமையலறையில் சன்னல் இல்லாத பக்கம் இருக்கட்டும். சொல்ல வேண்டியதைத் தூரத்திலிருந்து கத்தாமல், அருகே போய், தோளைத் தொட்டு, ஒரே ஒரு வேலையாகச் சொல்லுங்கள். அவன் வாயால் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். நேரம் அவன் தலைக்குள் ஓடாது, வெளியே ஓட வேண்டும். ஒரு மணல் கடிகாரமோ, முள் நகர்வது தெரியும் சமையலறை டைமரோ போதும். வீட்டுப்பாடம் பத்துப் பத்து நிமிடமாக. நடுவில் எழுந்து நாலு முறை குதிக்கட்டும்; நின்றுகொண்டு எழுதினாலும் குற்றமில்லை, கணக்கு சரியாக வந்தால் சரி.

ஆண்டு முடிவில் சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்று கணவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பாவம், நல்ல மனசு. ஆனால் டிசம்பர் சைக்கிள் ஆகஸ்டில் மணி அடிக்காது. வீட்டில் ஷுகர் பீன்ஸ் பயறு இருக்குமே, ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்துக்கொள்ளுங்கள். சொன்ன வேலையை டைமர் அடிக்குமுன் முடித்தால் அந்த நொடியே ஒரு பயறு ஜாடியில் விழட்டும்; 'டிங்' என்று சத்தம் கேட்கட்டும். மாலையில் பத்துப் பயறு சேர்ந்தால் அப்பாவோடு அரை மணி நேரம் கிரிக்கெட். முதல் வாரத்தில் அவன் ஜெயிக்கும்படி எளிதாகவே வையுங்கள். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: விழுந்த பயறைக் கோபத்தில் திரும்ப எடுக்காதீர்கள். உழைத்துச் சம்பாதித்ததைப் பிடுங்கினால் கடையே மூடிவிடும். மூன்று வாரத்தில் ஜாடி அவனுக்கு அலுத்துப்போகும். அது தோல்வி இல்லை. பயறுக்குப் பதில் சோழியாக்குங்கள், கிரிக்கெட்டுக்குப் பதில் மாலைப்பலகாரத்தை அவனே தேர்வு செய்யட்டும். புதிதாக இருக்கும்வரைதான் எதுவும் வேலை செய்யும்.

பள்ளி விஷயத்தில் நீங்கள் கொஞ்சம் நிமிர்ந்து நிற்க வேண்டும். மருந்து கொடு அல்லது வெளியேறு என்பது முறையான பேச்சே அல்ல. கற்றலில் தடையுள்ள பிள்ளைகளைக் கண்டறிந்து, மதிப்பிட்டு, ஆதரவு கொடுப்பதற்கென்று 2014-இல் அடிப்படைக் கல்வித் துறை ஒரு கொள்கையை வகுத்திருக்கிறது. அதன்படி பள்ளியிலேயே ஓர் ஆதரவுக் குழு இருக்க வேண்டும்; பெற்றோரையும் அமர்த்திப் பேசித் திட்டம் எழுத வேண்டும். அந்தக் குழுவைச் சந்திக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். சண்டை போடாதீர்கள், நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு மாரடிக்கும் ஆசிரியை பற்றியும் எனக்கு இரக்கம் உண்டு. கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. முன் மேசை, சன்னலுக்கு எதிர்ப்பக்கம். அரை மணிக்கு ஒருமுறை கரும்பலகை துடைக்கவோ புத்தகம் எடுத்துவரவோ அவனை எழுப்பி அனுப்புவது. நாள்தோறும் மூன்றே வரியில் ஒரு குறிப்பு. அதில் ஒரு வரியாவது நல்லதாக இருக்க வேண்டும். பின்னாளில் தேவைப்பட்டால், பள்ளி இறுதியான மெட்ரிக் தேர்வு வரைக்கும் கூடுதல் நேரம் கேட்டுப் பெற இங்கே வழி இருக்கிறது. அதற்கு இப்போதிருந்தே காகிதங்கள் சேர வேண்டும்.

மருந்து. பக்கத்து வீட்டு அக்காவின் பயத்தை நான் ஏளனம் செய்ய மாட்டேன், ஆனால் திருத்துவேன். மெத்தில்ஃபெனிடேட் என்பது மருந்தின் பெயர். 1944-இல் சுவிட்சர்லாந்தில் லியாண்ட்ரோ பனிசோன் என்ற வேதியியலாளர் உருவாக்கினார். மனைவி ரீட்டாவின் பெயரால் அதற்கு ரிட்டாலின் என்று பெயர் வைத்தார். மூளையில் டோபமைன், நோரட்ரினலின் என்ற இரண்டு ரசாயனங்கள் வேலை முடியுமுன் உறிஞ்சப்பட்டுவிடாமல் இது தடுக்கிறது. அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யத் தொடங்கும். சாதாரண மாத்திரை சுமார் 4 மணி நேரம் தாங்கும், மெதுவாகக் கரைபவை 8 முதல் 12 மணி வரை. மாலையில் உடம்பில் இருக்காது. பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பலன் தெளிவாகவே தெரிகிறது.

பிள்ளை சிலைபோல் உட்கார்ந்தால் அளவு அதிகம், அல்லது அந்த மருந்து அவனுக்கு ஒத்துவரவில்லை என்று பொருள். அதை நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மாற்ற வேண்டியது என் பொறுப்பு. நிஜமான தொல்லைகள் வேறு: பசி குறையும், தூக்கம் தள்ளிப்போகும், சிலருக்கு வயிற்றுவலியும் தலைவலியும் வரும், நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சற்றே கூடும், உயரம் சிறிது மெதுவாக வளரலாம். மதிய உணவு டப்பா தொடாமல் திரும்பி வரும். ஆகவே மாத்திரைக்கு முன் வயிறு நிறையக் காலை உணவு, மருந்து இறங்கும் மாலையில் இரண்டாவது சாப்பாடு. ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது உயரம், எடை, ரத்த அழுத்தம் மூன்றையும் குறித்துக்கொள்வோம். உங்கள் இருவர் குடும்பத்திலும் இளவயதில் திடீரென இறந்தவர்களோ இதயநோய்க்காரர்களோ இருந்தால் மருந்து தொடங்குமுன் எனக்குத் தெரிய வேண்டும். இது ஒத்துவராதவர்களுக்கு அடோமாக்சடின் போன்ற வேறு மருந்துகள் உண்டு; அவை மெதுவானவை, பலன் தெரிய ஒரு மாதத்துக்கு மேலாகும்.

போதைப் பயம் பற்றி: மருத்துவர் சொன்ன அளவில் வாய்வழி எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள் பொதுவாக இதற்கு அடிமையாவதில்லை, சிறுவயதில் சிகிச்சை பெற்றவர்கள் பிற்காலத்தில் போதைக்குப் போவது அதனால் கூடுவதுமில்லை. ஆனால் நோயில்லாத மாணவர்கள் பரீட்சைக் காலத்தில் இதைக் கடன் வாங்கி விழுங்குவது நடக்கிறது. அதனால் வீட்டில் பூட்டி வையுங்கள். இந்த நாட்டில் இது ஆறாம் அட்டவணை மருந்து, அதாவது கடுமையான கட்டுப்பாட்டில் விற்கப்படுவது. ஒரு சீட்டுக்கு 30 நாள் மாத்திரைதான். அதே சீட்டை மறுபடி நீட்ட முடியாது. மறதிக்கான மருந்தை மறக்காமல் மாதாமாதம் புதுச் சீட்டு வாங்கித்தான் பெற வேண்டும் என்று விதி செய்தவர்களுக்கு நகைச்சுவை உணர்வு அதிகம். செலவையும் சொல்லிவிடுகிறேன். மெடிக்கல் எய்ட் என்னும் மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டாயமாகப் பணம் கொடுக்க வேண்டிய நாட்பட்ட நோய்ப் பட்டியலில் இது இல்லை. பெரும்பாலும் அதிலுள்ள உங்கள் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்துதான் போகும். முதலிலேயே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்தா, பயறு ஜாடியா என்று கேட்காதீர்கள். 1999-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 579 பிள்ளைகளை 14 மாதம் பின்தொடர்ந்தார்கள். அறிகுறிகளைக் குறைப்பதில் ஒழுங்காகக் கண்காணிக்கப்பட்ட மருந்தே முந்தி நின்றது. மருந்தோடு நடத்தைப் பயிற்சியும் சேர்ந்த பிள்ளைகளுக்குக் குறைந்த அளவு மருந்தே போதுமானதாக இருந்தது. அவனைப் பார்த்த பிறகு, எதை எப்போது தொடங்குவது என்று பேசுவோம்.

இனிப்பைக் குறைத்தால் அடங்குவான் என்று யாரோ சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். பல்லுக்காகக் குறையுங்கள். 1990-களில் இதைச் சோதித்தார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் சர்க்கரையில்லாத போலி இனிப்பையே கொடுத்துவிட்டு, "உங்கள் பிள்ளைக்குச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம்" என்று ஒரு பகுதித் தாய்மாரிடம் பொய் சொன்னார்கள். அந்தத் தாய்மார் தங்கள் பிள்ளை இன்று அடங்கவே இல்லை என்று மதிப்பெண் போட்டார்கள்!

இனி, நீங்கள் கேட்காத ஒன்று.

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தை நான் இரண்டு முறை படித்தேன். கணவர் எலக்ட்ரீஷியன். மின்சாரம் ஓடும் பலகையில் கை வைத்து ஒருநாளும் தவறியதில்லை. ஊரே அவரைத் தேடி வருகிறது. ஆனால் முடித்த வேலைக்குப் பில் அனுப்ப மாட்டார். மூன்று மாதப் பணம் வெளியே கிடக்கிறது. எட்டு ஆண்டில் ஐந்து இடம் மாறிவிட்டார். பேக்கி என்னும் அவருடைய சிறு சரக்கு வண்டியின் சாவிக்காக வாரம் இரண்டு நாள் வீட்டைப் புரட்டுகிறீர்கள். பின்கட்டில் பாதி பூசிய சுவர் இரண்டு வருடமாக நிற்கிறது. வேகத்துக்கான அபராதச் சீட்டுகள் குளிர்பெட்டியின் மேல் உறை பிரிக்காமல் இருக்கின்றன. இதையெல்லாம் நீங்கள் மகனைப் பற்றிய புகாராக எழுதவில்லை, உங்கள் களைப்பைச் சொல்வதற்காக எழுதினீர்கள். நான் வேறு விதமாகப் படித்தேன். 'நானும் இப்படித்தான் இருந்தேன்' என்று அவர் சிரித்தது சத்தியமான வாக்குமூலம்.

இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் இந்தக் கோளாற்றில் பரம்பரையின் பங்கு ஏறக்குறைய முக்கால் என்கின்றன. கிட்டத்தட்ட உயரத்துக்கு நிகர். பிள்ளைக்கு இருந்தால் பெற்றோரில் ஒருவருக்கு இருப்பது சாதாரணம். வளர்ந்தவர்களில் நூற்றுக்கு இரண்டரைப் பேருக்கு இருக்கலாம் என்று கணக்கு. வயது ஏற ஏற ஓட்டமும் குதியும் அடங்கி உள்ளே போய்விடும். வெளியே தெரிவது தாமதமும், பாதியில் விட்ட வேலையும், பொறுமையின்மையும், சட்டென்று வரும் கோபமும், மாலையில் காரணம் தெரியாத சோர்வும்தான். மின்கம்பி தவறினால் உயிர் போகும். அங்கே அவர் கவனம் கத்தியாக நிற்கிறது. பில் புத்தகம் யாரையும் கொல்லாது. மகனுக்குக் காவடி எப்படியோ, அப்பாவுக்கு மின்பலகை அப்படி.

தயவுசெய்து இந்தப் பத்தியை அவர் முன் நீட்டி, "பாருங்கள், உங்களுக்கும் நோயாம்" என்று சொல்லிவிடாதீர்கள். நாற்பதை நெருங்கும் ஆண்பிள்ளை கதவைச் சாத்திக்கொள்வார். "அவன் தலைக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குப் புரியவில்லை, உங்களுக்குத்தான் புரியும், டாக்டரிடம் நீங்களும் வந்து சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அது தந்திரம் இல்லை, உண்மை. வந்த பிறகு பேச வேண்டியதை நான் பேசிக்கொள்கிறேன். பெரியவர்களுக்கும் மருந்து உண்டு, ரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் பார்த்துவிட்டுத் தருவோம். இதற்கென்றே அமைந்த, பேசி வழிகாட்டும் மனநலச் சிகிச்சையும் பயன் தருகிறது.

அதுவரை ஒன்றிரண்டு மட்டும். பில்லை வீட்டுக்கு வந்து எழுதுவது என்ற ஏற்பாட்டை விட்டுவிடட்டும். வேலை முடிந்த வீட்டின் வாசலில், பேக்கியைக் கிளப்புமுன், கைப்பேசியிலேயே எழுதி அனுப்பிவிட வேண்டும்; அனுப்பின பிறகுதான் சாவி திரும்பும். சாவிக்கு வாசற்கதவின் உட்பக்கம் ஓர் ஆணி. வண்டி ஓட்டும்போது கைப்பேசி டாஷ்போர்டுப் பெட்டிக்குள் போகட்டும். இந்தக் கோளாறு உள்ளவர்கள் விபத்தில் சிக்குவது மற்றவர்களைவிட அதிகம், அதில் நான் விளையாடத் தயாரில்லை. மகனும் அப்பாவும் ஒரே பலகையில் தங்கள் தங்கள் வேலைகளை எழுதி அழிப்பதை வழக்கமாக்கிப் பாருங்கள். அப்பா மறந்ததைப் பிள்ளை கண்டுபிடித்தால் ஜாடியில் இரண்டு பயறு.

மாமியாரோடு வாதம் வேண்டாம். சுற்றிப் போடுவதால் யாருக்கும் கெடுதல் இல்லை. அடுத்த தைப்பூசத்திலும் பையன் காவடி எடுக்கட்டும். ஆண்டு முழுவதும் திட்டு வாங்குகிறவனுக்கு ஊர் முன்னால் 'சபாஷ்' வாங்கும் ஒரு நாள் பெரிய சொத்து. மாத்திரையை நிறுத்தினால் வேண்டுதல் பலிக்கும் என்று மட்டும் யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்களும் இரவு ஆறு மணி நேரமாவது தூங்குகிறீர்களா என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

உங்கள் குடும்ப மருத்துவரிடம் ஒரு பரிந்துரைச் சீட்டு வாங்கிக்கொண்டு என்னையோ, வேறொரு குழந்தை மருத்துவரையோ மனநல மருத்துவரையோ பாருங்கள். போகும்போது மகனின் முதல் வகுப்பிலிருந்து இன்றுவரையான ரிப்போர்ட் அட்டைகளை எடுத்துப் போங்கள். மாமியார் எதையும் தூக்கி எறிய மாட்டார், கட்டிலுக்கடியில் தகரப் பெட்டி வைத்திருக்கிறார் என்று எழுதியிருந்தீர்களே, அதில் உங்கள் கணவரின் பள்ளி ரிப்போர்ட்டுகளும் இருக்கக்கூடும். பெரியவர்களை மதிப்பிடும்போது 12 வயதுக்கு முன் எப்படி இருந்தார் என்பதற்குச் சாட்சி வேண்டும். அதைவிட நல்ல சாட்சி கிடையாது. 'கெட்டிக்காரன், ஆனால் இருக்கையில் இருப்பதில்லை' என்று முப்பது ஆண்டுக்கு முன் ஏதோ ஓர் ஆசிரியர் எழுதிய வரி அதில் இருந்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்காது. பெட்டியை மாமியாரே திறக்கட்டும்; பையனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.